மங்கலான பட்டன்

பட்டன் மங்கலாக இருந்தது. இருபத்திரண்டு மாதங்களாக.

சுகிர்தா அதைத் தேடிப் போகவில்லை. புதிய பதிப்பு வரவிருந்தது. அதற்கு முன் எல்லாக் கருவிகளின் அமைப்புகளையும் ஒரே பட்டியலாக எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அறுநூற்றுப் பதினோரு பேர். ஆளுக்கு ஒரு பட்டை. பட்டைக்கு ஏழு பட்டன்கள். பட்டனின் படம் எது, பக்கத்தில் தோன்றும் குறிப்பு என்ன, பட்டன் கண்ணுக்குத் தெரிகிறதா, அழுத்த முடிகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அழுத்தினால் நடக்க வேண்டிய வேலை கடைசிக் கட்டத்தில். அதை அலுவலகத்தில் கால்பேக் என்றார்கள்.

நானூற்று ஏழாவது வரியில், மணிப் பட்டனுக்கு நேராக, அழுத்த முடியுமா என்ற கட்டத்தில் 'இல்லை' என்றிருந்தது.

மற்ற அறுநூற்றுப் பத்திலும் 'ஆம்'.

"செத்திருப்பாரு" என்றான் சம்பத். அவன் குழுத் தலைவன். நாற்காலியை விட்டு எழாமல் காலால் உந்தியே பக்கத்து மேசைகளுக்குப் போய்வருகிறவன். "லிஸ்ட்லேர்ந்து எடுத்துடு."

"நாடித்துடிப்பு வருது. இன்னிக்குக் காலைல ஆறு மணிக்குக்கூட வந்திருக்கு."

"அப்ப யாராவது வேணும்னே ஆஃப் பண்ணியிருப்பாங்க."

"வெளியிலிருந்து ஆஃப் பண்ண முடியாது. நம்ம கோடு மட்டும்தான் பண்ணும்."

சம்பத் நாற்காலியை உந்திக்கொண்டு வந்து திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

மூளைத் தண்டில் அடைப்பு வந்து உடம்பு முழுக்கச் செயலிழந்தவர்களுக்கான கருவி அது. காது கேட்கும். நினைவு இருக்கும். இமையைக்கூட அசைக்க முடியாது. மண்டைக்குள் தபால்தலை அளவு தகடு ஒன்றை வைப்பார்கள். பார்வையின் அடிப்பக்கத்தில் ஒரு பட்டை தெரியும். கண்ணை மூடிவிட்டாலும் தெரியும். நினைப்பை ஒரு பட்டன் மேல் கொண்டுபோய் நிறுத்தலாம், அழுத்தலாம். சாதாரண நேரத்தில் மணிப் பட்டன் மட்டும் இருக்கும். அதை அழுத்தினால் வீட்டிலிருப்பவரின் போன் ஒலிக்கும். அவர் வந்து கட்டிலருகே உள்ள திரையில் 'வந்துவிட்டேன்' என்பதைத் தொட்டால் மற்ற ஆறும் தோன்றும். வலி. தாகம். திருப்பிப் போடு. எழுத்து. சரி. போகலாம்.

மணி மங்கினால் ஏழும் போயிற்று.

சுகிர்தா பழைய கோப்பைத் திறந்தாள். நாற்பது வரி. அவள் எழுதியதுதான். இரண்டு வருடங்களுக்கு முன் வாடிக்கையாளர் பிரிவிலிருந்து ஒரு குறிப்பு வந்திருந்தது. 'நோயாளி ஒரு நாளைக்கு நூற்றைம்பது முறை அழுத்துகிறார். குறைக்க வழி உண்டா எனக் கேட்கிறார்கள்.' வழி இருந்தது. எல்லோரும் செய்வதுதான். கால்பேக் ஆரம்பித்ததும் முதல் வரியில் பட்டனை மங்கலாக்கிவிட வேண்டும். ஆள் வந்து 'வந்துவிட்டேன்' தொட்டதும் கடைசி வரியில் திரும்பவும் ஒளிரச் செய்ய வேண்டும். நடுவில் எத்தனை முறை அழுத்தினாலும் போகாது.

ஆள் வராவிட்டால் என்ன என்று அவள் எழுதவில்லை. சோதித்துப் பார்த்தபோது மணி ஒலித்தது அவள் போனில். போன் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு நொடியில் தொட்டாள். ஒவ்வொரு முறையும் பட்டன் ஒளிர்ந்தது.

கடைசி வரிக்குக் கீழே ஒரு குறிப்பு கிடந்தது. 'பதில் வரவில்லையென்றால்? பொங்கலுக்கு அப்புறம் பார்க்கணும்.'

"ஒரே ஒரு கேஸ்" என்றான் சம்பத். "இங்கிருந்தே சரி பண்ணி அனுப்பிடு. புதுப் பதிப்போட சேர்ந்து போயிடும். யாருக்கும் தெரிய வேண்டியதில்ல."

"அவருக்குத் தெரியும்."

"அவரு யாருகிட்டச் சொல்லப் போறாரு?"

சொன்ன பிறகு அவனுக்கே அது பிடிக்கவில்லை. நாற்காலியை உந்திக்கொண்டு போய்விட்டான்.

மங்கலான பட்டனை அழுத்தினால் கால்பேக் ஓடாது, பதிவாகவும் செய்யாது. ஆனால் தகட்டின் துல்லியத்தைச் சரிபார்க்க நினைப்பின் ஓட்டத்தைத் தனியாகச் சேமிப்பார்கள். அந்தக் கோப்பை யாரும் படிப்பதில்லை. சுகிர்தா படித்தாள். முதல் நாள் முந்நூற்று நாற்பது முறை. இரண்டாம் நாள் ஐந்நூற்றுத் தொண்ணூறு. மாதக் கடைசியில் நாளுக்கு எழுபது. ஐந்தாம் மாதம் நாளுக்கு நான்கு. எட்டாம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு முறை.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் எதுவும் இல்லை.

*

வீடு பொள்ளாச்சியைத் தாண்டி ஆழியாறு போகிற சாலையில் இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை. நாச்சிமுத்து, ஓட்டுநர், ஓய்வு. கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதிருக்கும். கையில் கண்சொட்டு மருந்துப் புட்டி. மனைவி மயிலாத்தாள்.

"ஏனுங் அம்மிணி, பேட்டரி பாக்கறவரு போன மாசந்தானுங்களே வந்துட்டுப் போனாரு?"

"இது பேட்டரி இல்லீங்கம்மா. பட்டனைப் பாக்கணும்."

"பட்டனா?" சிரித்தார். "அத அவரு மறந்தே போயிட்டாருங். கூப்பிடறதே இல்ல. மொதல்ல எல்லாம் என்ன பாடு படுத்துனாருங்கறீங்க. அடுப்புல கைய வெச்சா மணி. குளிக்கப் போனா மணி. ஒடம்பு தேறலைன்னாலும் மனசு தேறிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். வர்றவங்க எல்லாம் சொல்லுவாங்க, மூஞ்சியே தெளிவா இருக்குது பாருன்னு."

கட்டில் முன்னறையில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சாலை. நாச்சிமுத்து மல்லாந்து கிடந்தார். முகத்தைச் சவரம் செய்து பவுடர் போட்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன.

மயிலாத்தாள் கண்ணுக்கு இரண்டு இரண்டு சொட்டாக விட்டார். கன்னத்தில் வழிந்ததை முந்தானையால் ஒற்றினார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா விடணுங். இமை மூடாதுல்ல. உக்காருங் அம்மிணி. காப்பி போடறேன்."

"வேண்டாங்க. மொதல்ல ஒண்ணு சொல்லணும்."

"கல்யாணம் ஆச்சுங்களா உங்களுக்கு?"

"ஆச்சு. ரத்தும் ஆச்சு."

"அதுவும் நல்லதுதானுங்" என்று உள்ளே போனார்.

காப்பி வந்தது. சுகிர்தா குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். கால்பேக் என்றால் என்ன என்று விளக்கப் பார்த்தாள். பட்டன் வெறும் படம், அதன் பின்னால் நடக்கிற வேலை வேறு என்றாள்.

"கண்டக்டர் விசில் ஊதறாரு, இவரு பிரேக்கு போடறாரு" என்றார் மயிலாத்தாள். "விசிலு வேற, பிரேக்கு வேற. அதுதானுங்களே?"

"அதேதாங்க. இங்க அவரு ஒரு தடவ விசில் ஊதுனதும் விசிலப் புடுங்கிக்கற மாதிரி எழுதியிருக்கோம். நீங்க வந்து தொட்டா திருப்பிக் குடுக்கும். உங்க போன் மாறியிருக்குதுங்களா?"

"பழசு தண்ணித் தொட்டியில உழுந்துருச்சுங். கடைக்காரப் பையன் எல்லாம் இதுல ஏத்திக் குடுத்துட்டான். உங்க கம்பெனி படங்கூட இருக்குது பாருங்." போனை எடுத்துக் காட்டினார். படம் இருந்தது. திறந்தால் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நின்றது. இருபத்திரண்டு மாதங்களாகக் கேட்டுக்கொண்டு நின்றது.

"அப்ப?"

"போன் மாறின அன்னிக்கு ஒரு தடவ கூப்பிட்டிருக்காரு. அது உங்களுக்கு வரல. அதுக்கப்புறம் அவரால கூப்பிட முடியல."

சாலையில் ஒரு பேருந்து போனது. மேட்டில் கியர் மாறும் சத்தம் கேட்டது.

"கூப்பிட்டுப் பாத்தாருங்களா?" என்றார் பிறகு.

எத்தனை முறை என்று சுகிர்தா சொல்லவில்லை. "பாத்தாருங்க."

"கொறைக்க முடியுமான்னு கேட்டது நாந்தானுங். அன்னிக்கு நாலு ராத்திரியா தூக்கமில்ல. கம்பெனிக்குப் போன் பண்ணி அழுதேன்." திடீரென்று குரலைத் தாழ்த்தினார். "அவருக்குக் காது கேக்குமில்லீங்?"

"கேக்கும்."

"நல்லாவா?"

"நம்மள மாதிரிதாங்க. எங்க நின்னு பேசுனீங்க?"

மயிலாத்தாள் கட்டிலின் தலைமாட்டைப் பார்த்தார். போனைச் சார்ஜில் போடுகிற இடம் அங்கேதான் இருந்தது.

சுகிர்தா மடிக்கணினியைத் திறந்தாள். எண்ணைப் பதிவு செய்தாள். முதல் வரியை நீக்கினாள். இனி பட்டன் எதற்காகவும் மங்காது. போனை மட்டும் நம்ப வேண்டாமென்று ஒரு மணிப்பெட்டியையும் கொண்டுவந்திருந்தாள். அதைச் சுவரில் மாட்டினாள். பிறகு 'இல்லை' என்றிருந்ததை 'ஆம்' என்று மாற்றினாள். அதற்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

"இப்ப அவருக்குத் தெரியுதுங்களா?"

"தெரியும். பளிச்சுன்னு."

காத்திருந்தார்கள். காப்பியில் ஆடை படிந்தது. பதினொரு நிமிடம் கழித்து மணி அடித்தது.

ஒரே ஒரு முறை.

மயிலாத்தாள் எழுந்து ஓடினார். மூன்றடி தூரம்தான். திரையைத் தொட்டபோது விரல் வழுக்கியது, மறுபடி தொட்டார். ஆறு பட்டன்களும் தோன்றின. நாச்சிமுத்து எழுத்தைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் அரை நிமிடம் ஆனது. பழக்கம் விட்டுப்போயிருந்தது. தவறாக வந்ததை அழித்து அழித்துப் போட்டார். மயிலாத்தாள் ஒவ்வொன்றாக, பள்ளிப்பிள்ளை மாதிரி, உரக்கப் படித்தார்.

'இனிமே அடிக்கடி கூப்பிட மாட்டேன் நிறுத்திராத.'

படித்து முடித்ததும் அவருக்கு அர்த்தம் வந்து சேர்ந்தது.

"நா நிறுத்துலீங்க" என்றார். கட்டிலருகே மண்டியிட்டார். "ஏனுங், நா நிறுத்துல. மிசினு கெட்டுப்போச்சுங். இந்தப் புள்ள சொல்லுது பாருங். அம்மிணி, சொல்லுங்."

"சார், தப்பு என்னுது" என்றாள் சுகிர்தா. "அம்மா மேல தப்பில்ல. நான் எழுதுன கோடு. நீங்க எத்தனை தடவ வேணாலும் கூப்பிடலாம்."

சரி என்ற பட்டன் ஒளிர்ந்தது. பிறகு 'போகலாம்' என்ற பட்டன். பட்டை மூடிக்கொண்டது. இனி அவர் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் மறுபடி மணியை அழுத்த வேண்டும்.

அழுத்தவில்லை.

*

மூன்று வாரம் போயிற்று. மயிலாத்தாள் தினமும் பதினொரு மணிக்குப் போன் செய்தார்.

"அம்மிணி, அது எரியுதுங்களா?"

"எரியுதுங்க."

"உங்களுக்கு அங்கிருந்தே தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

"அப்பறம் ஏனுங் கூப்பிடறதில்ல? நா மணிக்கொருக்கா போயி, ஏதாச்சும் வேணுமா, ஒரு மணி அடிங்கங்கறேன். அடிக்கிறதில்ல. அவரு எப்பவுமே அப்படித்தானுங். வால்பாறை ரோட்டுல நாப்பது கொண்டை ஊசி. வளைவுக்கு ஒரு ஆரன். ரெண்டாவது அடிச்சா அது திமிரும்பாரு."

சுகிர்தா நினைப்புக் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்தல், பூஜ்யம். ஆனால் முன்போல வெறுமையாக இல்லை. நினைப்பு மணிப் பட்டன் மேல் வந்து நின்றது. விலகியது. மறுபடி வந்து நின்றது. நாளுக்கு இருநூறு முறை. சில நேரம் ஐந்து நிமிடம் நின்றது. சில நேரம் இருபது.

"கையைக் கதவு வரைக்கும் கொண்டுபோயிட்டு, தட்டாம நிக்கற மாதிரி" என்று சம்பத்திடம் சொன்னாள்.

"அதுக்கு நம்மால என்ன செய்ய முடியும்? பட்டன் வேலை செய்யுது."

நினைப்பு பட்டன் மேல் நின்றால் பக்கத்தில் சின்னக் குறிப்பு தோன்றும். 'உதவிக்கு அழைக்க' என்று எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. நானூற்று ஏழுக்கு மட்டும் அதை மாற்றினாள். 'எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம். நிற்காது.' அந்த வாரம் அவர் நினைப்பு பட்டன் மேல் நின்ற நேரம் இரட்டிப்பானது. படித்தார் என்று தெரிந்தது. அழுத்தவில்லை.

பிறகு ஒரு யோசனை வந்தது. நினைப்பு பத்து நிமிடம் தொடர்ந்து நின்றால் அழுத்தியதாகவே எடுத்துக்கொண்டு கால்பேக்கை ஓடவிடலாம். இரண்டு வரி. யாரிடமும் கேட்காமல் வியாழக்கிழமை அதை எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டுப் பொள்ளாச்சிக்குப் பேருந்து பிடித்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மயிலாத்தாள் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"மணி அடிச்சுதுங் அம்மிணி."

"அடிச்சுதா?"

"ரெண்டு வாட்டி. சந்தோசமா ஓடுனேன். எழுத்தைப் போட்டாரு. போய்ப் பாருங்."

திரை அப்படியே இருந்தது. 'நான் அமுக்கல. தானா அடிச்சிருச்சு. நிறுத்திராத.' அதற்குக் கீழே இரண்டாம் முறை அடித்தபோது எழுதியது. 'சத்தியமா நான் இல்ல.'

நாடித்துடிப்பு நூற்று முப்பது காட்டியது. சுகிர்தா அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. தெரிகிற முகம் இல்லை அது. வருகிறவர்கள் தெளிவாக இருப்பதாகச் சொல்கிற முகம்.

"தெரியுங்க சார்" என்றாள். "நீங்க அமுக்கல. நான்தான். இதோ எடுத்துடறேன்."

எடுத்தாள். நாடித்துடிப்பு இறங்க அரை மணி நேரம் ஆனது.

வாசலில் மயிலாத்தாள் கேட்டார். "எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னா நம்ப மாட்டாருங்களா?"

"கேட்டுட்டுத்தாங்க இருக்காரு."

"நா போன்ல பேசுனதையும் கேட்டுட்டுத்தான இருந்தாரு." முந்தானை நுனியை விரலில் சுற்றினார். "அத மொதல்ல கேட்டாருல்ல. அதுதான் நிக்கும்."

*

ஆவணியில் மயிலாத்தாளின் தங்கை மகளுக்கு உடுமலையில் கல்யாணம். நான்கு வருடமாக அவர் எங்கும் போனதில்லை. மணிப்பெட்டி இருப்பதால் போகலாம் என்று தோன்றியது. பக்கத்து வீட்டுத் திலகாவை வரச் சொன்னார். கண்சொட்டு எப்படி விடுவது என்று காட்டினார். மணி அடித்தால் திரையைத் தொட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். நாச்சிமுத்துவிடமும் சொன்னார். "முகூர்த்தம் முடிஞ்சதும் வந்தர்றேனுங். ஒண்ணுன்னா அடிங்க. திலகா இருக்குது."

திலகா கட்டிலருகிலேயே உட்கார்ந்திருந்தாள். டிவிச் சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்திருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை சொட்டு விட்டாள். மணி அடிக்கவில்லை. போர்வையை விலக்கிப் பார்க்க யாரும் சொல்லவில்லை. பிற ஆண்பிள்ளையின் போர்வை.

காலையில் மயிலாத்தாள் கிளம்பும் முன் ஆளைத் திருப்பிப் போட்டபோது மூத்திரக் குழாய் தொடைக்கு அடியில் மாட்டி மடங்கியிருந்தது. அவர் மூன்று மணிக்கு வந்து பார்த்தபோது வயிறு கல் மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்த அழுத்தம் ஏறி மூளையில் ரத்தம் கசிந்திருந்தது. இரண்டாம் நாள் மதியம் எல்லாம் முடிந்தது.

சம்பத் பதிவுகளை எடுத்துப் பார்த்தான். கம்பெனி கேட்டிருந்தது.

"லாக் க்ளீன்" என்றான். "பட்டன் ஒளிர்ந்திருக்கு. இணைப்பு இருந்திருக்கு. மணிப்பெட்டி வேலை செஞ்சிருக்கு. அவரு அழுத்தல, அவ்வளவுதான். நம்ம மேல ஒரு துளி தப்பில்ல. பழைய விஷயத்தை யாராவது கிளறுனாலும் இதைக் காட்டலாம். நீயே போய்ச் சொல்லிட்டு, மணிப்பெட்டியை வாங்கிட்டு வந்துடு. உன்னைத்தான் அந்தம்மாவுக்குப் பழக்கம்."

"நினைப்புக் கோப்பைப் பாத்தியா?"

"அது எதுக்கு?"

அதில் இருந்ததை அவள் அவனிடம் சொல்லவில்லை. காலை ஒன்பது பத்துக்கு நினைப்பு மணிப் பட்டன் மேல் வந்து நின்றிருந்தது. மயிலாத்தாள் போர்வையை விலக்கும்வரை, ஐந்து மணி ஐம்பது நிமிடம், ஒரு முறைகூட விலகவில்லை. பக்கத்தில் குறிப்பு தெரிந்துகொண்டே இருந்திருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம். நிற்காது.

அவள் எடுத்துவிட்ட அந்த இரண்டு வரிகள் இருந்திருந்தால் ஒன்பது இருபதுக்கு மணி அடித்திருக்கும்.

*

கட்டிலைப் பிரித்து வைத்திருந்தார்கள். அது கிடந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேர் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். மயிலாத்தாள் ஜன்னலடியில் பாயில் உட்கார்ந்திருந்தார். சுவரிலிருந்து மணிப்பெட்டியைக் கழற்றித் துடைத்து, ஒரு துணிப்பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

"காப்பி போடச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்க."

"எப்பவும் வேண்டாம்பீங்க. போட்டாலும் குடிக்க மாட்டீங்க." சிரிக்க முயன்றார். வரவில்லை.

சுகிர்தா எதிரே உட்கார்ந்தாள். அச்சிட்ட தாள் பையில் இருந்தது. அதில் மூன்று வரிகள். பட்டன் நிலை, ஆம். இணைப்பு, ஆம். அழுத்தல், பூஜ்யம்.

"அம்மிணி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அப்பறம் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"கேளுங்க."

"திலகா மணி அடிக்கவே இல்லீங்குது. அதுமேல சந்தேகமில்லீங், நல்ல புள்ள. மிசினு நல்லா இருந்துச்சுன்னு உங்க ஆபீஸ்ல போன்ல சொன்னாங்க." கை துணிப்பையின் மேல் இருந்தது. "அப்ப அவரு கூப்பிடலைன்னுதானுங்களே ஆச்சு? அத்தன வலியிலயும்? நாந்தான் அன்னிக்கு அப்படிப் பேசுனேன்னு?"

பின்கட்டில் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. யாரோ யாரையோ அதட்டினார்கள்.

"இல்லீங்கம்மா" என்றாள் சுகிர்தா. "மிஷின் கெட்டுப்போயிருந்துச்சு."

மயிலாத்தாள் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆபீஸ்ல அவங்களுக்குத் தெரியாது. நான் உள்ள பாத்தேன். பழையபடி பட்டன் மங்கிருச்சு. என் கோடுதான். நான் சரியா எழுதல."

"நெசமாவா?"

"ஆமாங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டும் குடுக்கறேன்."

"அப்ப அமுக்கிப் பாத்திருப்பாரு."

"பாத்தாருங்க."

"எத்தன வாட்டி?"

சுகிர்தா அந்த முதல் நாளை நினைத்துக்கொண்டாள்.

"முந்நூத்தி நாப்பது" என்றாள்.

மயிலாத்தாள் அந்த எண்ணை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தரை வேறு நிறமாக இருந்த இடத்தைப் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார்.

"அப்ப என்னையத்தான் கூப்பிட்டிருக்காரு" என்றார். முகம் தெளிந்திருந்தது.